எம்டன் தெரியும், கோபென் தெரியுமா?

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் மாலையில் காற்று வாங்க உட்காருகிறவர்கள் எழுந்து, பென்சன் டவுனைத் தாண்டி, நந்திதுர்க்கா சாலையைக் கடந்து, ஜெயசாமராஜேந்திர நகர்ப் பக்கமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் ஒரு கல் தூணின் முன்னால் போய் நிற்கலாம். முனிரெட்டிபாளையத்துக்கு அருகே இருக்கிறது அது. அந்த வழியாக பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியே ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. மைசூர் லான்சர்ஸ் என்ற குதிரைப்படையில் சேர்ந்து முதல் உலக யுத்தத்தில் மாண்டவர்களுக்காக எழுப்பிய தூண்.

அவர்கள் போரிட்டது ஜெர்மனியில் அல்ல, பிரான்சிலும் அல்ல. சூயஸ் கால்வாய்க் கரையிலும், சினாய் மணலிலும், பாலஸ்தீனத்திலும். எதிரி துருக்கிக்காரன்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. 1914-ம் ஆண்டு அக்டோபரில் அந்தப் படை பெங்களூரை விட்டுப் புறப்பட்டபோது துருக்கி யாருடனும் சண்டையில் இல்லை. அது நடுநிலை நாடு என்று உலகமே எண்ணிக்கொண்டிருந்தது. நவம்பரில் எகிப்தில் போய் இறங்கியபோது துருக்கி எதிரியாகிவிட்டது. கப்பல் ஏறும்போது இல்லாத எதிரி, இறங்கும்போது எங்கிருந்து வந்தான்?

அதற்கு விடை தேடினால் மதராஸ், லண்டன், இஸ்தான்புல், பம்பாய் என்று நாலு ஊர் சுற்ற வேண்டியிருக்கிறது. நடுவில் பெங்களூரும் ஒரு தடவை வந்து போகிறது, அதுவும் ஒரு கடன் பாக்கியோடு.

பெல்ஜியமும் துருக்கியும்

எம்டனைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு மதராஸ் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். பயந்த ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள். கப்பல் போய்விட்டது; பெயர் மட்டும் தங்கிவிட்டது. கெட்டிக்காரத்தனமும் தந்திரமும் உள்ள ஆளை "எம்டன்" என்று சொல்வது நம் பேச்சில் நிலைத்துவிட்டது.

அந்த எம்டன் கொளுத்தியது சில எண்ணெய்த் தொட்டிகளை. ஆனால் அதே ஜெர்மன் கடற்படையைச் சேர்ந்த இன்னொரு கப்பல், ஒரு பெரிய சாம்ராஜ்யத்தையே யுத்தத்துக்குள் இழுத்துப் போட்டது. அதன் பெயர் கோபென். எம்டனைவிடப் பல மடங்கு பெரியது. நியாயமாகப் பார்த்தால் தமிழில் "கோபென்" என்றுதான் வசைச் சொல் இருக்க வேண்டும். ஆனால் அது மதராஸ் பக்கம் வரவே இல்லையே!

நடுநிலை நாடு யுத்தத்தில் சிக்குவது என்றால் உடனே பெல்ஜியம்தான் நினைவுக்கு வரும். 1839-ல் வல்லரசுகள் கூடிக் கையெழுத்திட்டு அதன் நடுநிலைக்கு உத்தரவாதம் தந்தன. 1914 ஆகஸ்டு 4-ந் தேதி ஜெர்மன் துருப்புகள் எல்லையைத் தாண்டியபோது, அந்த உத்தரவாதம் ஒரு காகிதத் துண்டு என்று ஜெர்மன் பிரதம மந்திரியே பிரிட்டிஷ் தூதரிடம் சொன்னார். புதுச்சேரியில் இருந்த பாரதியார் "பெல்ஜியம் நாட்டிற்கு வாழ்த்து" என்று ஒரு பாட்டே எழுதினார். அது திருடன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்த கதை.

துருக்கியின் கதை அப்படி அல்ல. அங்கே கதவைத் திறந்துவிட்டது வீட்டில் இருந்தவர்களில் ஒருவர். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. விழித்துக்கொண்டே வாய் மூடி இருந்தார்கள். அதனால்தான் இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏழைகள் வாங்கிய கப்பல்

1914-ல் துருக்கி என்பது இன்றைய துருக்கி மட்டும் அல்ல. இன்றைய ஈராக், சிரியா, லெபனான், பாலஸ்தீனம், அரேபியாவின் பெரும்பகுதி எல்லாம் சுல்தானின் ஆட்சியில் இருந்தன. பெரிய வீடுதான், ஆனால் கூரை ஒழுகியது. 1911-ல் இத்தாலி லிபியாவின் மீது பாய்ந்தது. 1912-13-ல் பால்கன் நாடுகள் சேர்ந்து ஐரோப்பாவில் இருந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டன. கடன் வேறு. உப்பு, புகையிலை வரிகள் உட்படப் பல வருமானங்களை 1881 முதல் வெளிநாட்டுக் கடன்காரர்களின் நிர்வாகம் ஒன்று நேராக வசூல் செய்துவந்தது. வட்டிக்குக் கடன் வாங்கிச் சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவனுக்கு அந்த வேதனை புரியும்.

கடலில் கிரேக்கரின் தொல்லையைச் சமாளிக்க இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் தேவைப்பட்டன. பணம்? ஜனங்களிடம் உண்டியல் குலுக்கினார்கள். 1909-ல் இதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், கிராமத்துக் குடியானவர்கள் காசு போட்டார்கள். பெண்கள் கூந்தலை வெட்டி விற்றுக் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். இங்கிலாந்தின் ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனியில் ஒரு கப்பல், விக்கர்ஸ் கம்பெனியில் ஒரு கப்பல். சுல்தான் உஸ்மான், ரெஷாதியே என்று பெயரும் வைத்தாகிவிட்டது. முதல் கப்பலை ஓட்டிப்போக சுமார் 500 துருக்கி மாலுமிகள் டைன் நதியில் வந்து காத்திருந்தார்கள்.

1914 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கப்பலில் ஏறி அதைக் கைப்பற்றினார்கள். ஜெர்மனியுடன் யுத்தம் வரப்போகிறது, கப்பல் எங்களுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டது பிரிட்டிஷ் கடற்படை இலாகா. பணம் கட்டிய துருக்கி மாலுமிகள் கரையில் நின்று பார்த்தார்கள். அந்தக் கப்பல்கள் பெயர் மாறி பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தன.

உத்தரவு போட்ட கடற்படை மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில். இவர் பெங்களூர் தண்டில் குடியிருந்த ஆள்தான். 1896-ல் இருபத்தோரு வயது லெப்டினன்டாக இங்கே வந்து, போலோ ஆடி, ரோஜாச் செடி வளர்த்து, ஓய்வு நேரத்தில் கிப்பன் எழுதிய ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சி வரலாற்றைப் படித்தார். அவர் தங்கியிருந்த காலத்தில் உறுப்பினராயிருந்த கிளப்பின் பேரேட்டில் இன்னமும் ஒரு வரி உண்டு: லெப்டினன்ட் சர்ச்சில், பாக்கி 13 ரூபாய், வசூலாகாத கடன். ரெசிடென்சி சாலையில் இருக்கும் பெங்களூர் கிளப்பில் அந்தப் பேரேட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று ரூபாயை கிளப் எழுதித் தள்ளிவிட்டது. துருக்கி ஏழைகளால் அப்படி எழுதித் தள்ள முடியவில்லை.

இந்தக் கப்பல் பறிப்புதான் துருக்கியை ஜெர்மனியிடம் தள்ளியது என்று பல புத்தகங்களில் படிக்கலாம். தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பாதி உண்மைதான்.

நாலைந்து பேருக்குத் தெரிந்த ரகசியம்

ஜூலை மாதமே யுத்த மந்திரி என்வர் பாஷா ஜெர்மன் தூதரிடம் போய்ப் பேசிவிட்டார். அவருக்கு அப்போது வயது 32. ராணுவத்தில் மளமளவென்று உயர்ந்து, அரச குடும்பத்துப் பெண்ணை மணந்து, மந்திரியும் ஆனவர். ருஷியா என்றைக்கிருந்தாலும் இஸ்தான்புல் மேல் கண் வைக்கும், துணை இல்லாமல் துருக்கி பிழைக்காது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சகா ஜெமால் பாஷா அதே ஜூலையில் பிரான்சிடம் கூட்டுச் சேரக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார். இங்கிலாந்தும் ஏற்கெனவே கையை விரித்துவிட்டது. எல்லாக் கடையிலும் கடன் மறுக்கப்பட்டவன் கடைசியில் யாரிடம் போவான் என்று நமக்குத் தெரியும்.

1914 ஆகஸ்டு 2-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. துருக்கியின் பிரதம மந்திரி சயீத் ஹலீம் பாஷாவும் ஜெர்மன் தூதரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ருஷியாவோடு ஜெர்மனி போரில் இறங்கினால் துருக்கியும் இறங்க வேண்டும் என்பது சாரம். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முதல் நாளே ஜெர்மனி ருஷியாவின் மீது யுத்தப் பிரகடனம் செய்துவிட்டது. ஆக, மை உலரும் முன்பே துருக்கி கட்டுப்பட்டுவிட்டது.

இது யாருக்குத் தெரியும்? என்வர், உள்நாட்டு மந்திரி தலாத், பிரதம மந்திரி, இன்னும் ஓரிருவர். மந்திரி சபையில் பெரும்பாலோருக்கே சொல்லவில்லை. நாட்டுக்குச் சொன்னது வேறு: துருக்கி ஆயுதந்தாங்கிய நடுநிலை வகிக்கும்! ஆண் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கூப்பிடத் தண்டோராப் போட்டார்கள். அறுவடைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. நடுநிலை என்றால் எதற்கு இத்தனை பட்டாளம் என்று கேட்ட குடியானவர்களுக்குப் பதில் கிடைத்திருக்காது.

மூன்று மாதம் இந்த இரட்டை வாழ்க்கை ஓடியது.

குல்லாய் போட்ட ஜெர்மானியர்கள்

இப்போது கோபென் வருகிறது. யுத்தம் மூண்டபோது அது மத்தியதரைக் கடலில் பிரெஸ்லாவ் என்ற சிறிய துணைக் கப்பலோடு இருந்தது. தலைவர் அட்மிரல் சூஷோன். ஆகஸ்டு 4-ந் தேதி பிரெஞ்சு அல்ஜீரியாவின் துறைமுகங்களைச் சுட்டுவிட்டு கிழக்கே ஓடியது. பிரிட்டிஷ் கப்பல்கள் துரத்தின, பிடிக்க முடியவில்லை. ஆகஸ்டு 10-ந் தேதி மாலை தார்தனெல்ஸ் ஜலசந்தியின் வாயிலில் வந்து நின்று, உள்ளே விட வேண்டும் என்று கேட்டது.

சர்வதேசச் சட்டப்படி, போரிடும் நாட்டின் போர்க்கப்பல் நடுநிலைத் துறைமுகத்துக்கு வந்தால் 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் ஆயுதங்களை முடக்கிக் கப்பலைப் பிடித்து வைக்க வேண்டும். ஜெர்மன் அதிகாரி ஒருவர் என்வரிடம் வந்து உடனே பதில் வேண்டும் என்றார். மந்திரி சபையைக் கேட்க வேண்டும் என்று முதலில் தயங்கிய என்வர், பிறகு உள்ளே விடுங்கள் என்றார். பின்னால் வரும் பிரிட்டிஷ் கப்பல்களைச் சுடலாமா என்று அடுத்த கேள்வி. அதற்கும் சம்மதம் கிடைத்தது. சில நிமிஷப் பேச்சு அது. துருக்கியின் நடுநிலை அந்த அறையில் முடிந்துவிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

வெளியுலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே! அதற்கு ஒரு நாடகம் போட்டார்கள். எங்கள் கப்பல்களை இங்கிலாந்து எடுத்துக்கொண்டது அல்லவா, அதற்குப் பதில் நாங்கள் ஜெர்மனியிடமிருந்து இரண்டு கப்பல்களை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டு 16-ந் தேதி ஜெர்மன் கொடி இறங்கியது. துருக்கிக் கொடி ஏறியது. கோபென் "யாவூஸ் சுல்தான் செலீம்" ஆயிற்று. ஜெர்மன் மாலுமிகள் அப்படியே இருந்தார்கள். தலையில் மட்டும் சிவப்புக் குல்லாய்! சூஷோன் துருக்கிக் கடற்படைக்கே தளபதியாகிவிட்டார். ஏமாந்த ஜனங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உண்டியலில் போட்ட காசு வீண் போகவில்லை என்று எண்ணினார்கள். உள்ளத்தைத் தொடும் விஷயம் இதுதான். கப்பல் பறிப்பு போருக்கு முழுக் காரணம் இல்லை. ஆனால் போரை ஜனங்கள் ஏற்கும்படி செய்தது அதுதான்.

செப்டம்பர் கடைசியில் ஜலசந்தியை மூடினார்கள். ஒடெஸாவிலிருந்து கோதுமை ஏற்றிய ருஷியக் கப்பல்கள் அடைபட்டு நின்றன. ஆனாலும் யுத்தம் வேண்டாம் என்பவர்கள் மந்திரி சபையில் இருந்தார்கள். முக்கியமானவர் நிதி மந்திரி ஜாவித் பே. கஜானாவின் நிலைமை தெரிந்த ஆள் எப்போதும் சண்டைக்குத் தயங்குவான். ஜெர்மனி அந்தத் தயக்கத்துக்கும் மருந்து கண்டுபிடித்தது. அக்டோபர் மூன்றாவது வார வாக்கில் இருபது லட்சம் துருக்கி பவுன் பெறுமான தங்கம் ரயிலில் இஸ்தான்புல் வந்து இறங்கியது.

தங்கம் வந்த சில நாட்களில் சூஷோனுக்கு என்வரின் ரகசிய உத்தரவு போயிற்று. அக்டோபர் 29-ந் தேதி விடியும் நேரத்தில், போர்ப் பிரகடனம் எதுவும் இல்லாமல், துருக்கிக் கொடி பறந்த கப்பல்கள் கருங்கடலில் ஒடெஸா, செவஸ்தபோல், ஃபியோதோஸியா, நொவொரஸ்ஸிஸ்க் துறைமுகங்களைச் சுட்டன. மறுநாள் பக்ரீத். இஸ்தான்புல்லில் பண்டிகைக்குத் தயாரான மந்திரிகளில் பலருக்கு, தங்கள் நாடு சண்டையில் இறங்கிவிட்டது என்ற செய்தி அதற்குப் பிறகுதான் கிடைத்தது. ஜாவித் உட்பட நாலு மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். பிரதம மந்திரியும் ராஜினாமா செய்யப் போனார். சமாதானப்படுத்தி உட்கார வைத்துவிட்டார்கள். ருஷியாவிடம் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஒரு கடிதம் போயிற்று. ஜெர்மானியர்களை வெளியேற்றுங்கள், பிறகு பேசலாம் என்றது ருஷியா. வெளியேற்றவா முடியும்? இஸ்தான்புல்லை நோக்கிப் பீரங்கியைத் திருப்பக்கூடிய கப்பலே அவர்கள் கையில்தானே இருந்தது!

நவம்பர் 2-ந் தேதி ருஷியாவும், 5-ந் தேதி இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கி மீது யுத்தப் பிரகடனம் செய்தன.

பம்பாயில் முன்பே கிளம்பிய கப்பல்

துருக்கியின் பக்கம் இப்படி என்றால் இங்கிலாந்தின் பக்கமும் கை சுத்தமாக இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருதலைப்பட்சமாகிவிடும்.

பாரசீக வளைகுடா ஓரத்தில் அபதானில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அதன் கம்பெனியில் பெரும்பங்கை 1914-ல் பிரிட்டிஷ் சர்க்காரே வாங்கியிருந்தது. அதற்கும் பாடுபட்டவர் அதே சர்ச்சில். அந்த எண்ணெயைக் காக்க இந்தியத் துருப்புகளை அனுப்ப முடிவாயிற்று. 1914 அக்டோபர் 16-ந் தேதி ஒரு பிரிகேட் பம்பாயிலிருந்து கப்பல் ஏறியது. எங்கே போகிறோம் என்று சிப்பாய்களுக்குச் சொல்லவில்லை. 23-ந் தேதி பஹ்ரைன் பக்கம் போய்க் காத்திருந்தார்கள். துருக்கிக் கப்பல்கள் ருஷியாவைச் சுட இன்னும் ஆறு நாள் இருந்தது! நவம்பர் 6-ந் தேதி, போர்ப் பிரகடனத்துக்கு மறுநாள், ஃபாவோவில் இறங்கினார்கள். அந்த மாதமே பஸ்ரா விழுந்தது.

அங்கே தொடங்கிய மெசபொடேமியா யுத்தம் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களை விழுங்கியது. எல்லோரும் மாளவில்லை, ஆனால் அத்தனை பேர் அந்த வெயிலையும் சேற்றையும் பார்த்தார்கள். குத் என்ற ஊரில் முற்றுகையில் சிக்கிய படை, குதிரை மாமிசமும் தீர்ந்த நிலையில், 1916 ஏப்ரல் 29-ந் தேதி சரணடைந்தது. சுமார் 13,000 பேர் கைதானார்கள், பெரும்பாலோர் இந்தியர். பாலைவனத்தில் நடத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வராதவர் பலர்.

பக்கத்து நாடான பாரசீகத்தையும் சொல்ல வேண்டும். நடுநிலை என்று அது 1914 நவம்பர் 1-ந் தேதி முறையாக அறிவித்தது. ருஷியா, துருக்கி, இங்கிலாந்து மூன்றின் துருப்புகளும் அதன் மண்ணில்தான் சண்டை போட்டன. கேட்பார் இல்லை.

தண்டு ஊரும் சமஸ்தான ஊரும்

அந்தக் காலத்தில் பெங்களூர் ஒரே ஊர் அல்ல. பேட்டைப் பக்கம் மைசூர் மகாராஜாவின் ஆட்சி. தண்டுப் பக்கம், சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில், ஆங்கிலேயர் ஆட்சி. 1809-ல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டாளத்தை இங்கே மாற்றியபோது, பின்னாலேயே வந்து குடியேறியவர்கள்தாம் தண்டுத் தமிழர்களில் பலருடைய முன்னோர்கள். சமையல்காரர், குதிரைக்காரர், கொத்தர், கணக்கெழுதுகிறவர் என்று பட்டாளம் இருந்தால்தான் பிழைப்பு என்ற நிலை. பிளேக் நோய்க்குப் பிறகு தண்டின் நெரிசலைக் குறைக்கப் பிறந்த புதிய பேட்டைகளில் ஒன்று ரிச்சர்ட்ஸ் டவுன். பெயருக்குரிய எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ், தண்டின் கலெக்டராக இருந்தவர். சேலம் ஜில்லா கெஜட்டியரைத் தொகுத்தவரும் அவர்தான். அங்குள்ள கிளாரன்ஸ் பள்ளி பிறந்த வருஷமும் 1914 என்பது ஒரு தற்செயல்.

சமஸ்தானமும் தண்டும் இரண்டு ஆட்சி என்றாலும் யுத்தத்தில் ஒரே வண்டியில் பூட்டப்பட்டன. துருக்கிக்காவது நடுநிலை வகிப்பதா வேண்டாமா என்று வாதாட மூன்று மாதம் கிடைத்தது. மைசூருக்கு மூன்று நிமிஷமும் கிடையாது. வெளிநாட்டு விவகாரம் எதிலும் சமஸ்தானம் தலையிட முடியாது என்பது ஆங்கிலேயருடன் இருந்த உடன்படிக்கை. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தம் படையை அனுப்பினார். யுத்த நிதிக்கு 50 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த நாளில் 50 லட்சம் என்பது எத்தனை ஏரி, எத்தனை பள்ளிக்கூடம் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

தண்டுப் பக்கத்திலிருந்து அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் போனார்கள். ராணுவத்தில் "தம்பிகள்" என்று செல்லப் பெயர் பெற்ற படை அது, தமிழர்கள் நிறைந்தது. டைகிரிஸ் நதிக்கரையில் சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள். பயனியர் படைகளிலும் மதராஸ் மாகாணத்துக் கூலிப் பட்டாளங்களிலும் இன்னும் பலர் போனார்கள். பிரிகேட் சாலையும் ரெசிடென்சி சாலையும் சேரும் இடத்தில், கடை விளக்குகளுக்கு நடுவே நிற்கும் போர் நினைவுச் சின்னம் அப்படிப் போனவர்களுக்காகத்தான். அதன் கல்லில் மெசபொடேமியா என்ற பெயர் இருக்கிறது.

துருக்கி வந்து சேர்ந்ததால் இந்த ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டாயிற்று. துருக்கி சுல்தான் உலக முஸ்லிம்களுக்குக் கலீபா. நவம்பர் 14-ந் தேதி இஸ்தான்புல்லில் ஜிகாத் அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே, அரேபியாவின் புண்ணியத் தலங்களைத் தொட மாட்டோம் என்று வைஸ்ராய் அறிக்கை விட்டுவிட்டார். மைசூர் லான்சர்ஸ் படையில் முஸ்லிம் வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். துருக்கிக்காரனைச் சுட வேண்டும் என்றபோது அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? சிங்கப்பூரில் 1915 பிப்ரவரியில் ஓர் இந்தியப் படை கலகம் செய்ததற்கு, துருக்கியுடன் சண்டைக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தியும் ஒரு காரணம். 47 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மைசூர்க்காரர்கள் கடைசிவரை போரிட்டார்கள். போர் முடிந்ததும் அதே கலீபா பிரச்சினை கிலாபத் இயக்கமாக வெடித்தது. 1920 ஆகஸ்டில் காந்தியடிகளும் ஷௌகத் அலியும் பெங்களூருக்கு வந்து அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஹைஃபா

1918 செப்டம்பர் 23-ந் தேதி. நாலு வருஷம் சூயஸிலும் காஸாவிலும் ஜோர்தான் பள்ளத்தாக்கிலும் உழன்ற மைசூர் லான்சர்ஸ், பாலஸ்தீனக் கடற்கரையில் ஹைஃபா நகருக்கு வெளியே நின்றார்கள். ஒரு பக்கம் கார்மல் மலை. மறுபக்கம் சேற்று ஆறு. மலை மேல் பீரங்கிகள், நடுவில் இயந்திரத் துப்பாக்கிகள். குதிரைப்படைக்கு இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. மைசூர் வீரர்களில் ஒரு பிரிவு செங்குத்தான மலைப் பாதையில் ஏறிப் பீரங்கிகளை மடக்கியது. மற்றவர்கள் துப்பாக்கிச் சூட்டால் பாதுகாப்புக் கொடுக்க, ஜோத்பூர் லான்சர்ஸ் ஈட்டியுடன் பாய்ந்து நகருக்குள் புகுந்தார்கள். அவர்களுடைய மேஜர் தல்பத் சிங் அங்கே உயிர் விட்டார். மாலைக்குள் ஊர் கையில். 1,350 கைதிகள், 17 பீரங்கிகள் பிடிபட்டன. இந்தியர் பக்கம் 8 பேர் மாண்டார்கள், 34 பேர் காயம். குதிரைகள் 60 செத்தன.

டில்லியில் தீன்மூர்த்தி நினைவிடத்தில் நிற்கும் மூன்று வீரர் சிலைகள் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் படைகளைக் குறிப்பவை. 2018-ல் அந்தச் சதுக்கத்துக்கு ஹைஃபா பெயரையும் சேர்த்தார்கள்.

ஹைஃபா விழுந்த அதே செப்டம்பரில் மதராஸில் அரிசி விலை தாங்காமல் ஜனங்கள் கடைகளைச் சூறையாடினார்கள். அடுத்து விஷக் காய்ச்சல் வந்தது. போர்க்களத்துக்கே போகாத ஆயிரக்கணக்கானோர் பெங்களூரிலும் மைசூர் கிராமங்களிலும் மடிந்தார்கள். அதற்கு "ஸ்பானிஷ் காய்ச்சல்" என்று பெயர் வந்த கதையும் இங்கே பொருந்தும். ஸ்பெயின் கடைசிவரை நடுநிலை காத்த நாடு. பத்திரிகைத் தணிக்கை கடுமையாக இல்லாததால் அங்கே மட்டும் நோய்ச் செய்தி தாராளமாக வெளிவந்தது. அதனால் நோயே அந்த ஊர்ச் சரக்கு என்று உலகம் முடிவு கட்டிவிட்டது!

துருக்கியில் 1922 நவம்பரில் சுல்தான் பதவியும், 1924 மார்ச்சில் கலீபா பதவியும் ஒழிந்தன. என்வர் பாஷா 1922-ல் மத்திய ஆசியாவில் ஒரு சண்டையில் செத்தார். ஜாவித் பே, யுத்தம் வேண்டாம் என்று ராஜினாமா செய்த அதே நிதி மந்திரி, 1926-ல் வேறொரு வழக்கில் தூக்கிலிடப்பட்டார். இத்தனைக்கும் காரணமான கோபென் மட்டும் நீண்ட ஆயுளோடு இருந்தது. துருக்கிக் கடற்படையில் 1950 வரை சேவை; பிறகு கரையோரம் கட்டிக் கிடந்தது. விற்க முயன்றார்கள், ஜெர்மனியும் வாங்கவில்லை. 1970-களில் பழைய இரும்புக்கு உடைத்துப் போட்டார்கள்.

ஜே.சி. நகர்த் தூண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. செப்டம்பர் 23-ந் தேதி ஹைஃபா தினம்.